ஆறு மாத மருந்து, அன்றாடம் ஒரு வேளை



பட்டுச் சேலை எப்படி உருவாகிறது என்று ஆரணிக்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடா ஒரு தடவை ஓடினால் ஓர் ஊடை இழைதான் சேரும். பாவின் நீளத்தைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்தவர் எவரும் சேலையை முடித்ததில்லை. இன்றைக்குச் சில விரற்கடை, நாளைக்குச் சில விரற்கடை என்று நெய்கிறவர்தான் முடிக்கிறார். இந்தப் பொறுமை உங்கள் கைக்குப் பழகிய ஒன்று. இதே பொறுமையால் வெல்லக்கூடிய ஒரு வியாதியைப் பற்றி இன்று பேசுகிறேன். அதுதான் காசநோய்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடல் எடை குறைவு, சளியில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் என்று தெரிந்தால் மருந்து இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம், தினமும் ஒரு வேளை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள்.

"ஆறு மாசமா? தறியை விட்டுட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடக்கணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் நம்முடைய சென்னை. 1956-இல் அங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து ஓராண்டு மருந்து தந்தார்கள். இன்னொரு பிரிவினர் நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளியானது. இரு பிரிவிலும் குணம் ஏறக்குறைய சமம்! வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து தவறாமல் உள்ளே போகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆபத்து எங்கே வருகிறது தெரியுமா? இரண்டாம் மாதத்தில்! "இருமல் நின்னு போச்சு, பசி எடுக்குது, இனிமே எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். கிருமி முழுதும் சாகவில்லை. மிச்சம் இருப்பது மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும். அப்புறம் வேறு மருந்து, கூடுதல் அவதி. அந்தக் கிருமி வீட்டுக் குழந்தைக்கும் தொற்றலாம்.

ஆகவே, ஆறு மாதத்தை நினைத்து மலைக்காதீர்கள். இன்றைய ஒரு வேளையை மட்டும் பாருங்கள். அதற்குச் சில வழிகள்:

1. தறியில் உட்காரும் முன் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் அதே நேரம்.

2. வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கும். மருந்து விழுங்கிய பிறகே அன்றைய தாளைக் கிழியுங்கள்.

3. மனைவியோ, கணவரோ, பள்ளிக்குப் போகும் பிள்ளையோ, ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

4. ஒருநாள் தவறிவிட்டதா? பாவு இழை அறுந்தால் தறியையே தூக்கிப் போடுகிறோமா? முடிந்து கொண்டு மேலே நெய்கிறோம். அதுபோல மறுநாள் வழக்கமான ஒரு வேளையைச் சாப்பிடுங்கள். இரண்டு நாள் மருந்தைச் சேர்த்து விழுங்காதீர்கள். சுகாதாரப் பணியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

5. சொன்ன தேதியில் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். எடை ஏறுவதைக் கண்ணால் பார்த்தால் மனத்துக்குத் தெம்பு வரும்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மது கூடவே கூடாது. மருந்தும் மதுவும் சேர்ந்தால் கல்லீரல் கெடும்.

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. முட்டை, பயறு, கடலை, கீரை வாங்க அதைச் செலவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. மருந்து சாப்பிடுகிறவரை ஒதுக்காதீர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரவும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. வெட்கத்துக்குப் பயந்து மறைப்பவரால்தான் மருந்து தடைப்படுகிறது. "இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று அன்போடு கேளுங்கள். அதுவே பெரிய உதவி.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு வாரமாக இருமுகிறவர் யாராவது இருந்தால், நாளைக் காலையிலேயே அழைத்து வாருங்கள்.