கட்டுகிற கை யாருடையது?

(தூத்துக்குடியில் ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: 'செல்ஃப் ரெஸ்ட்ரெய்ன்ட்'. ஒன்பதாம் வகுப்பில் இதற்குப் பொருள் கேட்டால் பாதி நோட்டுகளில் 'தன்னடக்கம்' என்று இருக்கும். தன்னடக்கம் என்பது பெருமை பேசாமை, அது 'மாடஸ்டி'. இங்கே வேண்டியது சுயகட்டுப்பாடு. செய்ய முடியும், தடுப்பாரும் இல்லை. ஆனாலும் நானே ஓர் எல்லை போட்டுக்கொண்டு நிற்கிறேன். 'ரெஸ்ட்ரெய்ன்ட்' தனியாக வந்தால் ஒருவரைக் கட்டிப்போடுவதையும் குறிக்கும். அதன் லத்தீன் வேருக்கே 'பின்னால் இழுத்துக் கட்டு' என்றுதான் பொருள். கட்டுகிற கை யாருடையது என்பதை 'செல்ஃப்' சொல்கிறது.

இதை விளக்க மீன்பிடித் தடைக்காலத்தை உதாரணமாக எழுதினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கடற்கரைப் பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும் என்று நினைத்தேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், அது கவர்மென்ட் தடைதானே? போனா பிடிச்சிருவாங்க. இதுல செல்ஃப் எங்க இருக்கு?"

எனக்கு விடை வரவில்லை. "நீயே ஒன்று சொல்லு" என்றேன். நாம் தப்பிக்கும் வழி அது, உங்களுக்கும் தெரியும்.

அவனுடைய தாத்தா சங்கு குளித்தவர். கம்ப்ரஸர் இல்லாமல் மூச்சை அடக்கி இறங்கிய காலத்துக்காரர். அப்போது சங்கு அரசின் உடைமை. கரையில் அளவு வளையம் இருக்கும். 57 மில்லிமீட்டர் வளையத்தில் நுழைந்து விழுகிற சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும்.

"வளையமும் தடைதானே?" என்றேன்.

"வளையம் கரையில சார். தாத்தா அடியிலேயே விரலை வச்சுப் பாத்து, சின்னதுன்னா எடுக்க மாட்டாராம்."

"சின்னதுக்குக் காசு கிடையாதுல்ல, அதான் எடுக்கல" என்றாள் ஒரு மாணவி. நியாயமான அடி. அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மறைவா வாங்க ஆள் இருந்துச்சாம். வீட்டுல கஷ்டமும் இருந்துச்சாம்" என்றான்.

வகுப்பு அமைதியானது. அகராதி தராத பொருளை அந்த இருவரும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எடுத்தால் லாபம் உண்டு, பார்க்க ஆளில்லை. அந்த இடத்தில்தான் இந்தச் சொல் பொருந்துகிறது.

இன்னொரு சிக்கல். முத்துப்பார்களும் அரசுடையவையே. சிப்பி முதிராத ஆண்டுகளில் பாரைச் சோதித்துவிட்டுக் குளிப்பை நடத்தாமல் விடுவார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே இல்லை. உடைமையாளரே தன் வருவாயை நிறுத்திவைத்தால் அது எதில் சேரும்? ஒரு பாடவேளை முழுக்க வாதாடினோம். சேரும் என்பது என் கட்சி. பிள்ளைகளில் பலர் ஒப்பவில்லை. இறங்காமல் நின்ற குளியாளிக்கு அது வெறும் தடை அல்லவா என்றார்கள்.

பயன்பாட்டில் ஒரு குறிப்பு: இச்சொல்லோடு 'ஷோ', 'எக்ஸர்சைஸ்' என்னும் வினைகள் இயல்பாக வரும், நம் பிள்ளைகள் 'டூ' போடுவார்கள். வாக்கியமாகவே பழக்குங்கள்.

மறுநாள் அந்த மாணவன் தாத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதி வந்தான். வினை சரியாக இருந்தது. 'சாங்க்' என்ற சொல்லில் எச் எழுத்து விடுபட்டிருந்தது. அங்கே மட்டும் சிவப்பு மை வைத்தேன்.