மகல்லானெஸ் வானொலியில் ஒலித்த குரல்



வானொலியிலே பேச வந்த நான், வானொலியிலே ஒலித்த ஓர் உரையைப் பற்றியே பேச விரும்புகிறேன். 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி காலை, தென் அமெரிக்க நாடான சிலியின் ஜனாதிபதி சல்வடோர் அலெண்டே நிகழ்த்திய இறுதி உரை அது.

அலெண்டே தொழிலால் வைத்தியர், கொள்கையால் மார்க்சியவாதி. 1970இல் தேர்தல் மூலம் பதவிக்கு வந்தவர். அமெரிக்கக் கம்பனிகளிடமிருந்த பெரிய செப்புச் சுரங்கங்களை 1971இல் தேசியமயமாக்கினார். பிள்ளைகளுக்குத் தினமும் அரை லீற்றர் பால் வழங்கினார். நம்போன்றோருக்கு இன்னொன்று முக்கியம்: அரச பதிப்பகமொன்றை அமைத்து, நல்ல இலக்கியங்களை ஏழைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் அச்சிட்டார். பின்னர் வந்த இராணுவம் தெருவிலே நூல்களை எரித்தது.

அன்று காலை கிளர்ந்தெழுந்த படைகளுக்குத் தலைமை தாங்கியவர், மூன்று வாரங்களுக்கு முன்னர் அலெண்டேயே இராணுவத் தளபதியாக நியமித்த பினோசே. ஆதரவு வானொலிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, எஞ்சியிருந்த மகல்லானெஸ் வானொலிக்கு, முற்றுகைக்குள்ளான லா மொனெதா மாளிகையிலிருந்து தொலைபேசியிலேயே அவர் பேசினார். கையிலே எழுதிய தாள் இல்லை.

புறநானூறு படிப்பிக்கும்போது கையறுநிலைப் பாடல்களிலே மாணவரை நெடுநேரம் நிறுத்திவைப்பது என் வழக்கம். அங்கே மாண்டவனுக்காக மற்றவர் அழுவர். இங்கோ சாகப்போகிறவனே பேசுகிறான், கலக்கம் இல்லை. துரோகிகள்மீது கடுஞ்சினம் உண்டு. பதவி விலகேன், மக்கள் காட்டிய விசுவாசத்துக்கு உயிரையே விலையாகக் கொடுப்பேன் என்கிறார். இந்த வானொலியும் ஓயும், ஆயினும் என் குரலை நீங்கள் கேட்டுக்கொண்டேயிருப்பீர்கள் என்கிறார். ஆனால் என்னை உலுக்கும் இடம் வேறு. மக்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும், தம்மைப் பலியிடக்கூடாது என்று சொல்கிறாரே, அந்த இடம். தன் உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் தன் மக்களின் உயிரைக் கேட்கவில்லை. இத்தகைய தலைவர்கள் எத்தனை பேர்?

நண்பகலுக்குச் சற்று முன்னர் விமானங்கள் மாளிகைமீது குண்டு வீசின. சரணடைய மறுத்த அலெண்டே தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். பாடகர் விக்தர் ஹாரா விளையாட்டரங்கிலே அடைக்கப்பட்டுச் சித்திரவதையின்பின் கொல்லப்பட்டார். செப்டெம்பர் 23இல் பாப்லோ நெருடா மறைந்தார். இளமையிலே கொன்சலாக நமது வெள்ளவத்தையில் வாழ்ந்த அதே நெருடாதான். துப்பாக்கி ஏந்திய படையினர் பார்த்து நிற்க, அவருடைய சவ ஊர்வலத்திலே சென்ற மக்கள் முதலில் கவிஞரின் பெயரைக் கூவினர். பிறகு, உரத்து, அலெண்டேயின் பெயரையும் கூவினர்.