கேட்டறிந்து வழங்கும் நீதி

 

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை யாது? பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டான். கோவலனை அழைத்து வினவவில்லை. பின்னர்க் கண்ணகியின் வழக்கைக் கேட்டபோது உண்மை விளங்கியது. அதற்குள் கோவலன் உயிர் போயிற்று. முறை செய்தலின் முதற்படி இரு தரப்பையும் கேட்டலே ஆகும்.

தாமல் போன்ற ஏரிப்பாசனமுள்ள ஊரில், பங்காளிகள் இருவர் ஒரு வரப்புக்காக வழக்காடுவதாகக் கொள்வோம். ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். ஆனால் மறுநாளும் இருவரும் ஒரே வாய்க்கால் நீரைத்தான் பாய்ச்ச வேண்டும். தீர்ப்பு வழக்கை முடிக்கும், பகையை முடிக்காது. இக்குறையைப் போக்கவே தனி நீதிமன்றங்களும் சமரச அமைப்புகளும் தோன்றின.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் இணக்கம் காண முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், மக்கள் நீதிமன்றத்திற்குச் சட்ட வலிமை அளித்தது. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பெற்றது. நிலுவையிலுள்ள வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு கண்டால், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உடன்பாடு எட்டாவிடில், வழக்கு மீண்டும் நீதிமன்றத்திற்கே செல்லும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மக்கள் நீதிமன்றத்தில் எய்திய முடிவின்மீது மேல்முறையீடு இல்லை. ஆதலின் கையொப்பமிடுமுன் ஒவ்வொரு நிபந்தனையையும் படித்தறிதல் வேண்டும். குடும்ப மானம் போய்விடும் என்று உறவினர் நெருக்க, தன் சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் பெண்ணின் மௌனம் சம்மதம் ஆகாது. கேளாமல் தண்டித்தது பாண்டியன் பிழையெனில், கேளாமல் இணங்க வைப்பதும் பிழையே.

இத்தகைய நெருக்கடியில் துணை உண்டு. பெண்கள், தம் வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெற உரிமையுடையவர். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞரின் துணை கிடைக்கும். இச்செய்தியை ஒவ்வோர் இல்லத்திலும் பெண்மக்களுக்கு எடுத்துரைத்தல் பெரியோர் கடமை.

வழக்குள்ள வீட்டில் பேசாதிருப்பவர் யாரெனக் காணுங்கள். சமரசம் பேசப் புகுமுன் அவர் சொல்லை முழுமையாகக் கேளுங்கள். அதன்பின் எட்டப்படும் உடன்பாடே நிலைத்து நிற்கும்.