முகாமின் கடைசி நாள்

ஓகஸ்ட் விடுமுறை முகாம்கள் முடிகிற நேரம் இது.

முதல் சாரணர் முகாம் 1907 ஓகஸ்டில் நடந்தது. இங்கிலாந்தில், பிரவுன்சீ என்ற தீவில். நடத்தியவர் பேடன் பவல். வசதியான வீட்டுப் பையன்களும் தொழிலாளர் வீட்டுப் பையன்களும் ஒன்றாகத் தங்கினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஐந்தே வருடத்தில் சாரணியம் நம் மாத்தளைக்கும் வந்துவிட்டது.

சாரணர் முகாமின் கடைசி நாளில் பொதுவாகப் புதுப்பாடம் கிடையாது. பழகியதை வைத்தே விளையாட்டு. பழகியதைச் செய்து பார்ப்பதுதான் கடைசி நாள்.

பெல்மதுளைத் தோட்டத்து அம்மாமாரே, பிள்ளை முகாமிலிருந்து வந்து இறங்கியதும் "ஏன் இளைச்சுப் போயிட்ட?" என்றுதான் கேட்போம். கேளுங்கள். பிறகு லயத்து வாசலில் அறுந்து கிடக்கும் கொடிக்கயிற்றைக் கையில் கொடுங்கள். பழகிய முடிச்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.