யூபிலியும் கைரேகையும்

(யூபிலி ஆண்டையொட்டி ஆலய வளாகத்தில் நடைபெற்ற பங்குக் குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும், இதோ தயாராகிக்கொண்டிருக்கும் இந்த மலரும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் விவிலியத்தில் யூபிலி என்பது முதலில் ஒரு சட்டம். லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தை வீட்டிலே எடுத்துப் படித்துப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்புவான். வலியவனிடம் போய்ச் சேர்ந்தது என்றென்றைக்கும் அவனிடமே தங்கிவிடலாகாது என்பதே அதன் உட்பொருள். அதிகாரத்துக்கு எல்லைக்கல் நட்ட சட்டம் அது.

அந்த எல்லைக்கல்லை இந்தக் காலத்தில் எங்கே நடுவது என்பதே இன்று நாம் சிந்திக்கப்போகும் பொருள்.

நிலம் பறிபோவது எப்படி என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்கென்று 1990களில் நிலம் எடுக்கப்பட்ட வரலாற்றை நம் பெரியோர் நன்கறிவர். மின்நிலையம் எழும்பவில்லை, இழப்பீட்டு வழக்குகள்தாம் ஆண்டுக்கணக்கில் நீண்டன. ஆயினும் அன்று எடுக்கப்பட்டது கண்ணுக்குத் தெரிந்தது. சர்வே எண் இருந்தது, பட்டா இருந்தது, வரப்பு இருந்தது. எனவே வழக்காடவும் வழி இருந்தது.

இன்று நம்மிடமிருந்து எடுக்கப்படுவதோ கண்ணுக்குத் தெரிவதில்லை. பெயர், பிறந்த தேதி, கைரேகை, கருவிழி, கைபேசி எண், யாரோடு பேசினோம், எங்கே போனோம், என்ன வாங்கினோம் என்னும் விவரங்கள் எங்கோ ஓரிடத்தில் சேருகின்றன. எந்த வரப்பைத் தாண்டி யார் உள்ளே வந்தார் என்று நம்மால் காட்ட முடிவதில்லை. அரசும் பெரிய கம்பெனிகளும் நம்மைப் பற்றி அறிந்திருப்பது மிகுதி. அவர்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது சொற்பம். மக்கள் உள்ளத்தில் இன்று வளர்ந்துவரும் அவநம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதனால் வந்த நன்மையை மறைப்பது நீதியாகாது. முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு நேரே வந்துசேருகிறது. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் தன் தாயின் முகத்தைக் கைபேசியில் பார்த்துப் பேசுகிறான். கொரோனா காலத்தில் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தபோது திருப்பலியைக் கைபேசியில்தான் கண்டோம். கருவியின் மீது நமக்குப் பகையில்லை. கருவியைக் கையில் வைத்திருப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே நம் கேள்வி.

நம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் தாய்மார்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். நாளடைவில் ரேகை தேயும். மண்வெட்டி பிடித்தே முதுமையடைந்த விரல்களின் கதையும் அதுவே. 2020 அக்டோபர் முதல் நம் மாநிலத்து ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது அது சொல்வது என்ன? "நீ நீயல்ல" என்று சொல்கிறது. ஊரே பெயர்சொல்லி அழைக்கும் பாட்டியை, உழைப்பால் தேய்ந்த விரல் என்ற ஒரே காரணத்துக்காக, இயந்திரம் அந்நியர் ஆக்கிவிடுகிறது.

இத்தகைய நேரத்தில் வேறு வழி காட்ட வேண்டும் என்று விதிகள் உண்டு. ஆதார் எண் இல்லை என்பதற்காகவோ கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ ரேஷன் மறுக்கப்படலாகாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசும் ஆதார் ஆணையமும் அறிவுறுத்தின. அந்த அறிவுறுத்தல் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் 28-ஆம் நாள், ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. குழந்தை பசியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியாவால் இறந்தாள் என்றது அரசு. எது உண்மையாயினும், ஏழை வீட்டு அட்டை ஒன்று யாரும் நேரில் வந்து பாராமல் நீக்கப்படலாம் என்பதை நாடு அன்று அறிந்துகொண்டது.

இந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர் யார்? கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2012-ஆம் ஆண்டு, எண்பது வயதைக் கடந்த நிலையில், உச்சநீதிமன்றப் படியேறி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த அடுத்த தீர்ப்பு, அரசின் உதவிகளுக்கும் வருமான வரிக்கும் ஆதாரைக் கேட்கலாம் என்றது. வங்கிக் கணக்குக்கும் கைபேசி இணைப்புக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அதைக் கட்டாயப்படுத்தலாகாது என்றது. முதியவர் ஒருவர் கேட்ட கேள்வியால் நூற்று முப்பது கோடி மக்களுக்கு ஓர் எல்லைக்கல் நடப்பட்டது.

கம்பெனிகள் செய்தது என்ன என்பதையும் பார்ப்போம். 2017-இல் ஏர்டெல் வாடிக்கையாளர் பலர் கைபேசி எண்ணைச் சரிபார்க்கக் கைரேகை வைத்தனர். அதையே ஆதாரமாகக் கொண்டு, அவர்கள் அறியாமலே அக்கம்பெனியின் பேமென்ட்ஸ் வங்கியில் அவர்கள் பெயரில் கணக்குகள் தொடங்கப்பட்டன. வீட்டுக்கு வரவேண்டிய சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்விட்டது. எங்கே போயிற்று என்று தெரியாமல் மக்கள் அலைந்தனர். அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்த பின்னரே ஏறத்தாழ 190 கோடி ரூபாயைத் திருப்பித்தர ஏற்பாடாயிற்று. உலக அளவிலும் இதே கதைதான். பேஸ்புக்கில் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலான விவரங்கள், தேர்தல் பிரச்சார வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் கம்பெனிக்குப் போய்ச்சேர்ந்திருக்கலாம் என்று 2018-இல் பேஸ்புக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

அன்புக்குரியவர்களே, நமக்கு மிக அருகிலுள்ள ஒருவரைக் குறிப்பிடாமல் இப்பேச்சை நாம் கடந்துபோக இயலாது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களின் நிலத்துக்காகவும் விசாரணையின்றிச் சிறையில் கிடந்த அவர்களுடைய இளைஞர்களுக்காகவும் பல்லாண்டு உழைத்தவர். 2020 அக்டோபர் 8 அன்று, 83-ஆம் வயதில், பீமா கோரேகான் வழக்கில் கைதானார். நடுக்குவாதத்தால் குவளையைப் பிடிக்க முடியாத கைகள் அவருடையவை. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழாய் வேண்டுமென்று அவர் நீதிமன்றத்தைக் கேட்க நேர்ந்தது. பிணையில் விடுதலை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

அவருக்கு எதிரான சான்றுகளில் முக்கியமானவை அவருடைய கணினியில் இருந்தனவாகச் சொல்லப்பட்ட கோப்புகள். அந்தக் கணினிக்குள் மறைவாகப் புகுந்தவர்கள் அவற்றை வைத்துவிட்டனர் என்று, பாதுகாப்புத் தரப்பு வழக்கறிஞர்களுக்காக ஆய்வு செய்த அமெரிக்க நிறுவனமான ஆர்செனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அரசுத் தரப்பு இத்தகைய அறிக்கைகளை ஏற்கவில்லை. வைத்தவர் யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. நாமும் தீர்ப்பிட முற்படவில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். ஒருவனுடைய வீட்டில் திருட்டுப் பொருளை வைத்துவிட்டுப் பழிசுமத்துவது பழைய காலத்துச் சூழ்ச்சி. சுவரேறாமல், நாய் குரைக்காமல், ஆயிரம் மைல் தொலைவிலிருந்தே அதைச் செய்யக்கூடிய காலம் இது. அந்தச் சந்தேகத்தைத் தீர விசாரிக்கும் முன்பே அவருடைய ஆயுள் முடிந்துவிட்டதே, அதுவே நம் நெஞ்சைச் சுடுகிறது.

நம்மைக் காக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நம் விவரத்தை வாங்குவோர் எதற்கென்று சொல்லி, நம் ஒப்புதலைப் பெறவேண்டும். அந்தத் தேவை முடிந்தால் அழித்துவிடும்படி நாம் கேட்கலாம். தவறிழைக்கும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "வேலை முடிந்ததா, திருப்பிக் கொடு" என்னும் யூபிலிச் சட்டத்தின் சாயல் இதிலே தெரிகிறது. ஆனால் மத்திய அரசு தன் துறைகளில் எதற்கு வேண்டுமானாலும் விலக்கு அளித்துக்கொள்ள அதே சட்டம் இடங்கொடுக்கிறது. கண்காணிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களையும் அரசே நியமிக்கிறது. போதாக்குறைக்கு, 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் விவரம் என்று கூறி அதிகாரிகள் பதிலை மறுக்கும் வழியை அகலப்படுத்திவிட்டது. கம்பெனிக்கு நட்ட எல்லைக்கல்லை அரசு தன் வாசலில் நட மறுக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

தாவீது அரசர் மக்களைக் கணக்கெடுத்த வரலாற்றைச் சாமுவேலின் இரண்டாம் நூலில் காண்கிறோம். படைத்தலைவன் யோவாபே வேண்டாமென்று தடுத்தும் அரசர் கேட்கவில்லை. பின்னர் அவருடைய நெஞ்சே அவரை வாட்டியது. எண்ணுவது பாவமா? மோசேயும் எண்ணினாரே! மக்கள் தமக்குரியவர்கள், தம் பலத்தின் அளவுகோல் என்று அரசர் எண்ணியதே குற்றம் எனப் பல விளக்கவுரைகள் கூறும். எத்துணை நல்ல அரசனாயினும் "ஏன் எண்ணுகிறீர்?" என்று கேட்க ஒரு யோவாபு வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் தேவை. அரசையும் நம்பாதே, பத்திரிகையையும் நம்பாதே, எவரையும் நம்பாதே என்று தொடங்குகிறவன், இறுதியில் வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்புகிறான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்கு வந்த 65 வயது மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவள் என்று வதந்தியை நம்பி ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அதுபோலவே, அதிகாரத்தின் மீதுள்ள அச்சமும் நம்மை ஏமாளியாக்கும். காவல்துறை உடையில் கைபேசித் திரையில் தோன்றி "உன்னை டிஜிட்டல் கைது செய்துவிட்டோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. ஆகவே நாம் கேட்பது கண்ணை மூடிய நம்பிக்கையும் அன்று, கண்ணை மூடிய சந்தேகமும் அன்று. கண்ணைத் திறந்து கணக்குக் கேட்கும் துணிவே நமக்கு வேண்டும்.

இனி, நாம் செய்யக்கூடியவை யாவை? யாராவது ஆதார் நகல் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலையே கொடுங்கள். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியை ஆதார் ஆணையமே தருகிறது. நம் இளைஞர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் அமர்ந்து பெரியவர்களுக்கு அதைச் செய்து கொடுக்கலாம். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் விரல் பொருந்தவில்லை என்று எவரையாவது வெறுங்கையோடு அனுப்பினால், அவரைத் தனியே புலம்ப விடாதீர்கள். அன்பியத்தில் நால்வர் சேர்ந்து போய் வேறு வழியைக் கேளுங்கள். 1967 எண்ணில் புகார் கூறுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுதலாம். கிராமசபையில் எழுந்து நின்று, நம் ஊரில் எத்தனை பேருக்குக் கைரேகை பொருந்தவில்லை, அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் செய்யலாம். தனியொருவர் கேட்டால் தொந்தரவு என்பார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்வார்கள்.

முடிவாக, பிறரைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். பங்கிலும் பதிவேடுகள் உண்டு. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்து காக்கும்படி திருச்சபைச் சட்டம் 535-ஆம் எண் பங்குத்தந்தையைப் பணிக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் வெளியிடலாகாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அறிந்துவைத்திருப்பவன் காத்துநிற்கக் கடமைப்பட்டவன் என்று திருச்சபை பல நூற்றாண்டுகளாகக் கற்பித்துவருகிறது. ஆதலால் இந்த யூபிலி முதல், குடும்ப அட்டையில் நாம் கேட்கும் விவரம் ஒவ்வொன்றும் எதற்கென்று பங்குப்பேரவையில் விளக்கப்படும். தேவையற்றது கேட்கப்படமாட்டாது. ஒரு குடும்பத்தின் நோயும் கடனும் பிள்ளைகளின் படமும் அவர்கள் சம்மதமின்றிப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வரமாட்டா. தவறினால் எந்தக் குடும்பமும் நம்மைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

எளியோரின் பெயர்களைத் தம் உள்ளங்கையில் பொறித்துவைத்துள்ள இறைவன், நம் குடும்பங்களையும் முதியோரையும் பிள்ளைகளையும் காத்து, உண்மையைக் கேட்கும் துணிவை நமக்கு அருள்வாராக! உங்கள் அனைவருக்கும் யூபிலி நல்வாழ்த்துகள்.