ஆடவர் மார்புப் பெருக்கமும் ரண சிகிச்சையும்

வெட்கத்தினால் மறைக்கப்படும் உடற்குறைகள் சில உண்டு. ஆடவருக்கு மார்பகம் பெருத்துவிடுவது அவற்றுள் ஒன்று. மேல்துண்டை அகற்றவும் ஆற்றில் இறங்கி நீராடவும் கூசும் வாலிபர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் வைத்தியரை நாடுவோர் சிலரே.

இது புதிய குறை அன்று. கி. பி. 7-ஆம் நூற்றாண்டிலேயே, ஏஜினாத் தீவினரான பாலஸ் என்னும் கிரேக்க வைத்தியர், மார்பின் கீழ்ப் பிறைவடிவாகக் கீறிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறையை எழுதிவைத்தார். 1946-இல் வெப்ஸ்டர் என்பார், காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தினுள்ளேயே அரைவட்டமாகக் கீறும் முறையை விவரித்தார்; அதனால் தழும்பு எளிதில் புலப்படுவதில்லை. இன்று கொழுப்பைக் குழாயினால் உறிஞ்சியெடுத்து, கெட்டியான சுரப்பித் திசுவை வெட்டி நீக்குகின்றனர்.

ஆயினும் எல்லோருக்கும் கத்தி வேண்டுவதில்லை. பருவ வயதில் தோன்றும் பெருக்கம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே தணிந்துவிடும். ஈரல் நோயும் சில மருந்துகளும் காரணமாகலாம். ஆகவே காரணத்தை முதலில் ஆராய வேண்டும். ஒருபுறம் மட்டும் கடினமான கட்டி தோன்றினாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ தாமதம் கூடாது. அரிதாயினும், ஆண்களுக்கும் மார்பிற் புற்றுநோய் வருவதுண்டு.

நீடித்து நின்று மனத்தை வாட்டும் பெருக்கத்திற்கு ரண சிகிச்சை நல்ல பரிகாரம். இரத்தக்கட்டு, உணர்ச்சிக் குறைவு, மார்பு குழிதல் ஆகியவை நேரக்கூடும் என்பதையும் கேட்டறிந்தே அதற்கு இசைய வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் இவ்விளைஞரைப் பரிகசியாமல், வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.