ஆடிய இடமும் வரலாறுதான்
(மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு மக்களின் வரலாறு என்றதும் ஊர்வலமும் சிறைச்சாலையும்தான் நம் கண்முன் நிற்கின்றன. அவர்கள் இரவில் கூடி ஆடிய இடம் நினைவுக்கு வருவதில்லை. அது பெரும் பிழை என்பதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையிலிருந்து அறிகிறோம்.

பருத்திக் காட்டையும் நிறவெறியையும் விட்டு, பிழைப்புக்காக சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் லட்சக்கணக்கில் வந்தவர்கள் அவர்கள். அவர்களுள் தன்பால் ஈர்ப்புடையோருக்கும் திருநங்கையருக்கும் இரட்டைப் பூட்டு. வெள்ளையர் விடுதி நிறத்தைக் காட்டித் துரத்தியது. சொந்தத் தெருவோ காதலைக் காட்டி ஒதுக்கியது.

எனவே தங்கள் கதவைத் தாங்களே திறந்தார்கள். லாஸ் ஏஞ்சல்சில் விடுதி வாசலில் கறுப்பரிடம் மட்டும் இரண்டு மூன்று அடையாளச் சீட்டு கேட்கும் கொடுமையைக் கண்ட ஜுவல் தாயிஸ்-வில்லியம்ஸ் என்ற பெண்மணி, 1973இல் 'கேட்ச் ஒன்' விடுதியைத் தொடங்கினார். 1977இல் சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' பிறந்தது. அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் சுழற்றிய இசைக்கு அந்த இடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று உலகமே ஆடும் 'ஹவுஸ்' இசை அதுதான். ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1981 முதல் எய்ட்ஸ் நோய் வந்தது. ஆடியவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களோடு சாட்சியமும் போயிற்று. நியூயார்க்கின் 'பாரடைஸ் கராஜ்' 1987இல் மூடப்பட்டது. கட்டடமும் பின்னர் இடிபட்டது. ஜுவல் அம்மையாரோ நோயுற்றோருக்குத் துணை நின்றார். விடுதிக்குப் பக்கத்திலேயே ஏழைகளுக்கு மருத்துவ நிலையமும் நடத்தினார். நாற்பதாண்டுக்கு மேல் நடத்திய விடுதியை 2015இல் விட்டார், 2025இல் மறைந்தார்.

வேர்ஹவுஸ் கட்டடம் விலைபோனபோது மக்கள் கையெழுத்து திரட்டிப் போராடினார்கள். 2023இல் சிகாகோ நகரமன்றம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. இது வெற்றிதான். ஆனால், சட்டம் காப்பது சுவரை மட்டுமே. வாசலில் நின்றவர் யார், பெருக்கியவர் யார், வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைக்குச் சோறு போட்டவர் யார் என்பதைச் சுவர் சொல்லாது. உயிரோடிருக்கும் முதியவர்கள்தான் சொல்லவேண்டும்.

அரசாங்கம் ஏழைகளின் இரவுகளைக் குறித்து வைப்பதில்லை. போலீஸ் குறித்து வைத்தால் அது குற்றப்பதிவாகத்தான் இருக்கும். எனவே பழைய நுழைவுச்சீட்டும் புகைப்படமும் ஒலிநாடாவும் குப்பைக்குப் போகுமுன் காக்கப்படவேண்டும். ஒதுக்கப்பட்டவர்கள் மகிழ்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று அதுவே. அவர்களின் துன்பத்தை மட்டும் எழுதிவைத்தால், பாதி மனிதரைத்தான் எழுதியவர்கள் ஆவோம்.